கை நனைக்காத சம்பந்தி

பெண் கேட்டு வருகிறவர்கள் பெண் வீட்டில் என்ன வேண்டுமானாலும் குடிக்கலாம். காப்பி குடிக்கலாம், கலர் குடிக்கலாம், மோர் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்கலாம். சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. இலையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். இதைத்தான் கை நனைக்கிறது என்பார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களும் சரி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே சபை.

ஸ்ரீவில்லிபுத்தூர் எலியேசர் இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டுதான் ராஜபாளையம் மைக்கேல் குடும்பத்தை ஏழு மாதமாக வதைத்துக்கொண்டிருந்தார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வில்சனுக்கு மைக்கேலின் மகள் இன்பத்தைக் கேட்டு மார்கழியில் ஒரு தடவை வந்தார். மாசியில் ஒரு தடவை வந்தார். சித்திரையில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது குடையோடு வந்தார். மூன்று தடவையும் காலை பத்து மணிக்கு வந்து, உலை கொதிக்கும் முன்னால் எழுந்து போய்விட்டார். முடிவைக் கேட்டால், "ஜெபத்துல வச்சிருக்கோம்" என்பார். ஏழு மாதம் ஒரே விஷயத்தை ஜெபத்தில் வைத்திருந்தால் ஆண்டவருக்கே அலுத்துப் போகாதா?

இன்பத்துக்கு அலுத்துவிட்டது. அவளுக்கு வயது இருபத்து நான்கு. ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வில்சன் இங்கே மில்லில் ஸ்டோர் கிளார்க். விரலில் தகரம் கிழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவன், ஐந்தாம் நாளே ஆறிப்போன புண்ணுக்குப் பதினோரு நாள் கட்டுப்போட வந்தான். அவளும் பதினோரு நாள் கட்டுப்போட்டு அனுப்பினாள். அதற்குமேல் அவர்களுக்குள் ஒரு பேச்சும் நடக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. அவனை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும், மனசு நிறைந்துபோகும். கட்டினால் இவனைத்தான் கட்டுவது என்று அவள் முடிவு பண்ணி ரொம்ப நாளாயிற்று. பிள்ளைகள் இருவரும் முடிவு பண்ணின பிறகும் பெரியவர் மட்டும் கரைமேலேயே நின்றார்.

இதற்கிடையில் கோவில்பட்டியிலிருந்து இன்னொரு இடம் வந்தது. பெண்சாதியை இழந்தவர், இரண்டு குழந்தைகள், நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொன்னார்கள். மைக்கேல் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். வண்டி ஏறாத சரக்கை எத்தனை நாள் பிளாட்பாரத்தில் போட்டுவைப்பது என்று யோசிக்கிற ஆள். ஒருநாள் சாப்பிட்டு எழுந்தவர் மனைவி ஏசம்மாளிடம் தீர்மானமாகச் சொன்னார்.

"அவிய அடுத்த தடவை வரட்டும். அன்னைக்கும் கை நனைக்காமப் போனாகன்னா, மறுநாளே கோவில்பட்டிக்குச் சரின்னு லெட்டர் போட்டுருவேன். பொறவு என்னைக் குத்தம் சொல்லாதிய."

அடுத்த வாரமே எலியேசரிடமிருந்து கார்டு வந்தது. வருகிற வியாழக்கிழமை ஆடி அமாவாசை, சூரிய கிரகணம். உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் முற்றம் வெட்டவெளியாக இருப்பதால் குடும்பத்தோடு அங்கே வந்து பார்க்க உத்தேசம். கிரகண நாளாதலால் சமையல் ஏற்பாடு எதுவும் வேண்டாம். கடைசி வரியின் அடியில் ஒரு கோடு வேறு.

இன்பம் கார்டை இரண்டு தடவை படித்தாள். மனுஷர் எப்படிப்பட்ட நாளைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கிரகணத்தன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆக்கி வைத்த சோற்றையும் கொட்டிவிடுவார்கள். சாப்பிடச் சொல்லி ஒருத்தரும் வற்புறுத்த முடியாது. "ஏட்டி, என்ன எழுதியிருக்காக?" என்று ஏசம்மாள் கேட்டாள். "நம்ம வீட்டுல அடுப்பெரியாத நாளாப் பாத்து வாராகளாம்" என்றாள் இன்பம். ஏசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த இடத்தில் கடிகார விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலக யுத்தம் வந்த பிறகு சர்க்கார் நாட்டிலுள்ள கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டது. ரயிலும் மில் சங்கும் ஆஸ்பத்திரி மணியும் அந்தப் புது நேரத்தில்தான் நடந்தன. பஞ்சாங்கக்காரர்களும் சம்சாரிகளும் பழைய நேரத்தை விடவில்லை. எலியேசரும் விடவில்லை. சர்க்காரிடம் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினவர் என்றாலும், "சர்க்கார் சொன்னா சூரியன் ஒரு மணி நேரம் முந்தி உதிக்குமா?" என்று கேட்டு, பையிலிருக்கிற கடிகாரத்தைப் பழைய நேரத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். ரயிலுக்குப் போகும்போது மட்டும் மனக்கணக்காக ஒன்றைக் கூட்டிக்கொள்வார்.

வியாழக்கிழமை காலை பத்தேகால் வண்டியில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். எலியேசர் முன்னால், அவர் மனைவி ஞானரத்தினம் இரண்டடி பின்னால், வில்சன் இன்னும் இரண்டடி பின்னால். அந்த வீட்டில் நடக்கிற வரிசை அது. மலைப் பக்கமிருந்து ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. பிளவக்கல் மலைக்கு மேலே கிளம்பின மேகம் வானத்தை அடைத்து நின்றது. சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மைக்கேல் முற்றத்துப் புங்கமரத்தடியில் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்காவது ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

"நான் என்ன மாட்டேன்னா சொல்லுதேன்?" என்று எலியேசர் தாராளமாக ஆரம்பித்தார். "கிரகணத்துல எப்படிச் சாப்பிட? எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா இவ பச்சைத் தண்ணி பல்லுல படவிட மாட்டா. கிரகணம் விட்டு, குளிச்சு, புதுசாப் பொங்கின சோறுன்னா மகராசனா உக்காந்து சாப்பிட்டுட்டே போவேன். என்ன செய்ய, அது விடவே ரெண்டு மணி ஆயிரும். ரெண்டே காலுக்கு எங்களுக்கு வண்டி."

சொல்லிவிட்டுத் தன் கணக்கையும் விளக்கினார். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை கிரகணம் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. சூரியனுக்கு ஏது புது நேரம்? ஆகவே அது பழைய நேரம். ஒன்றைக் கூட்டினால் புது நேரத்துக்குப் பதினொன்றிலிருந்து இரண்டு. "இன்னும் பிடிக்கவே முக்கால் மணி நேரம் கெடக்கு" என்று கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே கதவோரம் நின்ற இன்பம் விறைத்துப் போனாள். அதே பேப்பரை ஆஸ்பத்திரியில் அவளும் படித்திருந்தாள். கீழே பொடி எழுத்தில் 'புதிய நேரப்படி' என்று அச்சடித்திருந்தது. அப்படியென்றால் கிரகணம் பத்துக்கே பிடித்தாகிவிட்டது, மேகத்துக்குப் பின்னால் இருப்பதால் தெரியவில்லை. ஒரு மணிக்கு விட்டுவிடும். வண்டிக்கு முழுசாக ஒன்றேகால் மணி நேரம் மிச்சம்.

மைக்கேலுக்கும் அது தெரியும். அவர் வாயைத் திறந்தார். "ரெண்டா? அண்ணாச்சி, அது வந்து..."

"அப்பா, உங்களைத் தேடிப் பின்னால ஆள் வந்திருக்கு" என்றாள் இன்பம்.

புறவாசலுக்கு வந்து பார்த்த மைக்கேலுக்கு அங்கே கோழியைத் தவிர ஆளைக் காணோம். இன்பம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கிரகணம் விட்டா சாப்பிடுவேன்னு அவியளே சொல்லிட்டாக. ஒரு மணிக்கு விடும். அதுவரை நீங்க நேரத்தைப் பத்தி வாயத் தெறக்கப்படாது. அம்மாகிட்டயும் சொல்லிருங்க."

"ஏட்டி, பெரிய மனுசரை ஏமாத்தலாமா?"

"நாமளா ஏமாத்துதோம்? அவியதான் ஏமாந்துக்கிட்டு இருக்காக."

 மைக்கேல் முற்றத்துக்குப் போய் ஒரு முக்காலியில் வாயை மூடி உட்கார்ந்துகொண்டார். இன்பம் அடுப்பில் விறகை அடுக்கி, பக்கத்தில் தீப்பெட்டியை வைத்தாள். ரேஷனில் வாங்கிச் சேர்த்திருந்த அரிசியைப் படியில் அளந்து முறத்தில் போட்டாள்.  கோவில்பட்டி லெட்டருக்கும் தனக்கும் நடுவில் இந்த ஒன்றேகால் மணி நேரம்தான் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பதினொரு மணிக்கு மைதீன் பிச்சை வந்தார். பஜாரில் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தவர். மைக்கேலுக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர். பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடித்த கையோடு, விளக்குப் புகையில் கரி ஏற்றிய கண்ணாடித் துண்டுகள் அரை டஜனைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"மண்ணெண்ணெய்க்கு நான் எங்க போக? ஆமணக்கெண்ணெய் விளக்குல புகை பிடிச்சேன். கண்ணாடி மேல கையை வச்சிட்டு மூஞ்சியைத் தொட்டுராதிய, பொறவு கிரகணம் நம்ம மூஞ்சியிலதான் பிடிக்கும்" என்று ஆளுக்கொன்று கொடுத்தார்.

பதினொன்றேகாலுக்கு மேகம் கிழிந்தது. எல்லோரும் கண்ணாடியைத் தூக்கினார்கள். சூரியன் பாதிக்குமேல் காணாமல் போய், கடித்து வைத்த பணியாரம் மாதிரி இருந்தது. ஏசம்மாள் தன்னை மறந்து பக்கத்தில் நின்ற ஞானரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, பாத்தியளா" என்றாள். ஞானரத்தினமும் கையை விடவில்லை.

"பகல்ல பிறை பாக்கக் குடுத்துவச்சிருக்கணும்" என்றார் மைதீன் பிச்சை.

வெயில் மங்கி, முற்றம் முழுக்க ஒரு புதுமாதிரி வெளிச்சம் பரவியது. சாயங்காலமும் இல்லை, நிலவும் இல்லை. காற்று குளிர்ந்தது. கோழிகள் கூண்டுப் பக்கம் போய்க் குழம்பி நின்றன. புங்கமரத்து நிழலில், இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் குட்டிப் பிறையாகத் தரையில் கிடந்தது. வில்சன்தான் அதைக் கண்டுபிடித்தான். "இங்க பாருங்க" என்று எல்லோரையும் பொதுவாகக் கூப்பிட்டாலும் இன்பத்தைத்தான் பார்த்தான். அவள் வந்து குனிந்து பார்த்தாள். அவள் சேலையிலும் அவன் சட்டையிலும் பிறை பிறையாக ஆடியது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. அந்த ஐந்து நிமிஷம் கோவில்பட்டியும் கடிகாரமும் அவள் நினைப்பிலேயே இல்லை.

எலியேசருக்கு மட்டும் ஏதோ இடித்தது. அவர் கணக்குப்படி பிடிக்க ஆரம்பித்துக் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் சூரியனை இம்புட்டு விழுங்கினால் எப்படி? அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார்.

"இந்தக் கிரகணம் கொஞ்சம் வேகம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"வேகந்தான், வேகந்தான்" என்று மைக்கேல் மண்டையை ஆட்டினார். அவர் நிலைமை பரிதாபம்.

பன்னிரண்டு மணிக்கு, கண்ணாடி வழியே பார்த்த மைதீன் பிச்சை, "விடுத மாதிரில்ல இருக்கு" என்றார். எலியேசர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பிடிக்கும், கிரகணத்தின் போக்கே அப்படித்தான் என்று சாதித்தார். முப்பது வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் ஜனங்கள் கேட்டுக்கொண்டே வந்ததால், சூரியனும் கேட்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. அதற்குள் மேகம் மறுபடி மூடிக்கொண்டது. எலியேசர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இன்பம் மேகத்தையே அண்ணாந்து பார்த்தாள். கிரகணம் விட்டதை மேகம் மறைத்துவிட்டால், இவர் இரண்டு மணிவரை விடவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆனால் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் பாயிண்ட்ஸ்மேன் பெண்சாதி இருளம்மாள் இருந்தாள். அவள் பஞ்சாங்கம் பார்க்கிறவளும் இல்லை, பேப்பர் படிக்கிறவளும் இல்லை. கிரகணம் பிடித்தால் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நட்டமாக நிறுத்துவாள். கிரகணம் இருக்கிறவரை உலக்கை பிடிமானம் இல்லாமல் நிற்கும், விட்டதும் விழும். அவள் அம்மா காலத்திலிருந்து அதுதான் கணக்கு. முள்வேலிக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து அந்த உலக்கை நின்றுகொண்டிருந்தது. ஞானரத்தினம் சூரியனைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தாள்.

ஒரு மணி அடித்து இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். உலக்கை தடாலென்று விழுந்தது. ஆடிக்காற்று தள்ளிற்றோ, கோழி முட்டிற்றோ, கிரகணமே விட்டுத்தான் விழுந்ததோ, கண்டவர் யார்?

"விட்டிருச்சு" என்று வேலிக்கு அப்பால் இருளம்மாள் சொன்னாள்.

ஞானரத்தினம் எழுந்தாள். "குளிக்கணும். தண்ணி எங்க இருக்கு?"

"உலக்கை விழுந்தா கிரகணம் விட்டிருச்சாக்கும்? இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு, உக்காரு" என்றார் எலியேசர்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேகம் விலகியது. சுள்ளென்று வெயில் முற்றத்தில் விழுந்தது. மைதீன் பிச்சை கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். பிறகு அதை எலியேசர் கையில் கொடுத்தார். எலியேசர் பார்த்தார். ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் முழு வட்டமாக இருந்தது சூரியன். தரையில் கிடந்த பிறையெல்லாம் உருண்டையாகிவிட்டன. அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணாச்சி, கிரகணம் விட்டா மகராசனாச் சாப்பிடுவேன்னு சொன்னியளாமே, மைக்கேலு சொன்னான்" என்றார் மைதீன் பிச்சை. "நானும் பசியோடதான் இருக்கேன். உங்க புண்ணியத்துல எனக்கும் ஒரு இலை."

இன்பம் அதற்குள் தலைக்கு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் இருந்தாள். நெருப்பு ஒரே குச்சியில் பிடித்தது. ஒரு அடுப்பில் உலை, இன்னொன்றில் பருப்பு. ஏசம்மாள் புளி கரைத்தாள். அவசரத்தில் பாதிப் புளி தரையில் போயிற்று. யாரோ உள்ளே வருகிற சத்தம் கேட்டு இன்பம் திரும்பினாள். ஈரத் தலையோடு ஞானரத்தினம் நின்றாள்.

"அருவாமணையை இப்படித் தள்ளு. கத்திரிக்காயை நான் நறுக்குதேன். நீ ஒருத்தி எம்புட்டைப் பாப்ப?"

"அத்தை, நீங்க எதுக்கு..."

"நேரமாகுது தாயி."

மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கக்கூட இன்பத்துக்கு நேரமில்லை. ஒன்றே முக்காலுக்குச் சோறு வடித்தாயிற்று. பருப்புக் குழம்பு, கத்திரிக்காய் வதக்கல், ரசம், சுட்ட அப்பளம். கல்யாண விருந்து இல்லைதான். ஆனால் ஆவி பறந்தது.

கூடத்தில் பாய் விரித்து மூன்று இலை போட்டார்கள். எலியேசர், வில்சன், மைதீன் பிச்சை மூவரும் உட்கார்ந்தார்கள். எலியேசர் தப்பிக்க வழி இல்லாமல்தான் உட்கார்ந்தார். சொன்ன வார்த்தைக்குச் சாட்சி இத்தனை பேர். விளக்கெண்ணெய் குடிக்கப் பிடித்து உட்காரவைத்த பிள்ளையின் முகம்போல இருந்தது அவர் முகம். மைக்கேல் கதவோரம் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். ஏசம்மாள் உதடுகள் அசைந்தன, ஜெபம் பண்ணுகிறாள்.

இன்பம் சோற்றுச் சட்டியோடு எலியேசர் இலைக்கு முன்னால் குனிந்தாள். இன்னும் ஒரு கரண்டிதான். போட்டுவிட்டால் போதும், கோவில்பட்டி இல்லை, லெட்டர் இல்லை. அவள் கரண்டியைத் தூக்கினாள். அப்போது அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். இவர் வீட்டுக்குத்தான் போய் நாளெல்லாம் இருக்கப்போகிறோம். என்றைக்காவது ஒருநாள் இவருக்கு விஷயம் தெரியவரும். அன்றிலிருந்து நான் போடுகிற ஒவ்வொரு பிடிச் சோற்றையும் இதே முகத்தோடுதான் சாப்பிடுவார்.  கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"ஏட்டி" என்றார் மைக்கேல் கதவோரத்திலிருந்து.

"பேப்பர்ல போட்டது புது நேரம். நீங்க பழைய நேரம்னு கணக்குப் போட்டுட்டீக. ஒரு மணிக்கு விட்டிரும்னு எனக்குக் காலையிலயே தெரியும். அப்பா சொல்ல வந்தாக, நான்தான் வாயடைச்சேன். நீங்க வந்து கை நனைக்காமப் போனா வேற இடத்துக்குச் சரின்னு எழுதிருவாக. எனக்கு அது பிடிக்கல. அதான் சொல்லாம இருந்துட்டேன். தப்புத்தான். நீங்க சொன்ன வார்த்தைக்காகச் சாப்பிட வேண்டாம் மாமா. வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு."

 மைதீன் பிச்சை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்சன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"எனக்கும் தெரியும்ப்பா" என்றான்.

எலியேசர் மகன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு நேத்தே தெரியும்" என்றாள் ஞானரத்தினம், அடுப்பங்கரை வாசலிலிருந்து. "பக்கத்து வீட்டுல சொன்னாக."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

 எலியேசர் எழுந்தார். சோறு விழாத இலைதான் என்றாலும், இலையிலிருந்து எழுந்தது எழுந்ததுதான். ஏசம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர் மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். புங்கமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தூரத்தில் சிக்னல் கை இறங்கியது. சங்கரன்கோவில் பக்கமிருந்து வண்டி புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"கெடுத்தியே மவளே" என்றார் மைக்கேல். கோபம்கூட இல்லை அவர் குரலில். இன்பத்துக்கு அழுகை முட்டியது. ஆனாலும் சொன்னதற்கு அவள் வருத்தப்படவில்லை. கையிலிருந்த சட்டி சுட்டது. கீழே வைக்கத் தோன்றாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

எலியேசர் வெகுநேரம் நின்றார். வண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு திரும்பி வந்தார். வாசற்படியில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"மூத்தவனுக்குப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே உக்காந்து சாப்பிட்டேன். வந்த மருமவ, எங்க வீட்டுல எது பிடிக்கல, எது பிடிச்சுதுன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னதில்ல. ஆறு மாசத்துல தனியாப் போயிட்டாக. இன்னைக்கு வரைக்கும் ஏன் போனாகன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பயத்துலதான் மூணு தடவை வந்தும் எந்திச்சு எந்திச்சுப் போனேன். வேற எதுக்குமில்ல." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "மூணு பேரு ஒரே வீட்டுல இருக்கோம். ரெண்டு பேருக்குத் தெரியுது, எனக்குச் சொல்ல ஆள் இல்ல. நாளைக்கு வீடு தீப்பிடிச்சாலும் எங்கிட்ட சொல்லமாட்டாக போல."

"சொன்னா நீங்க கேப்பியளா?" என்றாள் ஞானரத்தினம். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இருக்கும். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள்.

எலியேசர் அவளைப் பார்த்தார். பிறகு இன்பத்தைப் பார்த்தார். "இந்தப் பிள்ளை சொல்லும்" என்றார்.

குடையைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, தன் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்தார். "சோத்தைப் போடும்மா. ஆறிப்போகுது. உங்க அம்மாவும் இவளும் நிக்காக பாரு, அவியளுக்கும் இலை போடு."

இன்பம் போட்டாள். எவ்வளவு போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. "எல்லாத்தையும் அண்ணாச்சிக்கே போட்டா மத்தவுக பட்டினிதான்" என்று மைதீன் பிச்சை சொல்லித்தான் அவள் நிறுத்தினாள்.  ரயில் வந்து நின்று, ஊதி, போயிற்று. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எலியேசர் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை சோறு வாங்கி, ரசம் புளிப்பு கம்மி என்று குறையும் சொன்னார். பாதிப் புளி தரையில் போனதை ஏசம்மாள் ஒத்துக்கொண்டாள். கை கழுவி வந்த எலியேசர் துண்டில் துடைத்தபடியே மைக்கேலிடம் கேட்டார்.

"வாற ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மொத கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிப் பாதிரி ஐயர்கிட்ட எழுதிக் குடுத்துருவமா? மூணு ஞாயித்துக்கிழமை வாசிச்சு முடிச்சா ஆவணி பிறந்துரும். நல்ல மாசம்."

 மைக்கேல் தலையை ஆட்டினார். இந்தத் தடவை மனசார ஆட்டினார். வில்சன் வெற்றிலைத் தட்டை எடுக்கிற சாக்கில் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தான்.

அங்கே இன்பம் அடுப்புக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இலை தேடக்கூடப் பொறுமை இல்லாமல், சட்டியில் ஒட்டியிருந்த சோற்றில் மிச்சக் குழம்பை ஊற்றி, அதிலேயே பிசைந்து சாப்பிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை சும்மா இல்லை. ஏசம்மாள் வந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, எதுக்கு அழுத?" என்று கேட்டாள்.

"பசிம்மா" என்றாள் இன்பம், அடுத்த வாயை எடுத்துக்கொண்டே.